தோற்பதற்குத் தோதான ஸ்பிரிங்

மார்கழி 1, செவ்வாய்

நேற்று கார்த்திகை கடைசி நாள். மார்கழி பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை வாயில் எடுக்கக் கூடாது என்பதால், தரகர் சுப்பையன் ஒரு மாதத்துப் பேச்சை ஒரே நாளில் பேசித் தீர்த்துவிட்டுப் போனார். என் மகள் சிந்துஜாவுக்கும் மருதாசலத்தின் மகன் சபரீஷுக்கும் ஜாதகம் பொருந்திவிட்டது. தை பிறந்ததும் உப்புச் சர்க்கரை மாற்றி உறுதி செய்துகொள்ள வேண்டியதுதான். பையனுக்குப் பெங்களூரில் வேலை. ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

போகும்போது சுப்பையன் என்னை மட்டும் கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டு போனார்.

"நாச்சிமுத்தண்ணா, ஒரே ஒரு விசயமுங்க. மருதாசலம் தங்கமான மனுசன். ஆனா தோக்குறது மட்டும் அவருக்கு ஆவாதுங்க. பொங்கல் ரேசுல நீங்க அவரை ஜெயிச்சுப்போட்டீங்கன்னா, சம்பந்தம் அதோட முடிஞ்சுதுன்னு வெச்சுக்குங்க."

இந்த நோட்டு என் பேரக் குழந்தைகளுக்காக எழுதப்படுவது. ஆகவே விளக்கிவிடுகிறேன். நானும் மருதாசலமும் ரிமோட் கார் ஓட்டுகிறவர்கள். சின்னப் பிள்ளைகள் ஹாலில் ஓட்டுகிற சாமான் இல்லை இது. ஒன்றரை அடி நீளம், மண்ணில் ஓடுவது, மேட்டில் ஏறினால் பறப்பது. பெயர் பக்கி. என் மனைவி பூங்கொடி "இந்தப் பக்கி" என்று சொல்லும்போது வண்டியைச் சொல்கிறாளா என்னைச் சொல்கிறாளா என்பது சில சமயம் தெளிவாக இருக்காது. நாலு சக்கரத்துக்கும் நாலு ஷாக் அப்சார்பர். ஒவ்வொன்றும் சுண்டு விரல் தடிமன், உள்ளே எண்ணெய், வெளியே ஸ்பிரிங். இந்த நாலும் அமைந்தால், எந்த மேட்டிலிருந்து விழுந்தாலும் வண்டி மண்ணில் ஒட்டிக்கொண்டு ஓடும். அமையாவிட்டால் தவளைதான்.

ஸ்பிரிங் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்கக் கோயமுத்தூரில் ஆள் கிடையாது. இருபது வருஷமாக ஸ்பிரிங் மெத்தை விற்கிறேன். உள்ளங்கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினால் போதும், படுக்கப் போகிறவனுக்கு முதுகுவலி வருமா வராதா என்று சொல்லிவிடுவேன்.

மூன்று வருஷப் பந்தயத்தில் மருதாசலத்தை நான் ஜெயித்ததில்லை என்பது உண்மை. யாரையும் ஜெயித்ததில்லை என்பதும் உண்மைதான். அது வண்டி இன்னும் செட் ஆகாததால். இந்த வருஷம் செட் ஆகிவிடும் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை வந்த நேரத்திலா இந்தச் சோதனை வர வேண்டும்?

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். பூங்கொடி, "நீங்க எப்பவும் ஓட்டுறாப்ல ஓட்டுங்க, அதுவே போதும்" என்றாள். ஆபத்து அவளுக்குப் புரியவில்லை. சிந்து ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டு ஒன்றும் சொல்லவில்லை. கல்யாணப் பேச்சில் பெண் ஒன்றும் சொல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள்.

மார்கழி 3, வியாழன்

தோற்பது என்று முடிவு செய்தாயிற்று. ஆனால் நான் ஓட்டுகிற ஓட்டில் குறை வைத்தால் மருதாசலம் கண்டுபிடித்துவிடுவார். விட்டுக் கொடுத்தது தெரிந்தால் அதுவும் அவமானம். எனவே தோல்வி வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

மத்தியானம் கடையைச் சிந்துவிடம் விட்டுவிட்டு வந்தேன். அவள் பி.இ. ஆட்டோமொபைல். கல்யாணப் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் போட வேண்டுமே என்று படிக்க வைத்தது. இப்போது கடையில் பில் போடுகிறாள், ஒரு தப்பு வராது.

மஞ்சள் ஸ்பிரிங் நாலையும் கழற்றினேன். முன்னால் இடப்பக்கம் வெள்ளை, அதாவது கொழகொழ. வலப்பக்கம் சிவப்பு, அதாவது கட்டை மாதிரி. பின்னால் அதையே மாற்றிப் போட்டேன். இப்படி ஒரு கட்டிலுக்கு மெத்தை செய்தால் படுத்தவன் விடிவதற்குள் தரையில் கிடப்பான். முழு திருப்தி.

சாயந்திரம் கடையிலிருந்து வந்த சிந்து வண்டியைத் தூக்கிப் பார்த்தாள். மேலிருந்து ஒரு முறை தரையில் போட்டுப் பார்த்தாள்.

"என்ன கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்கப்பா. இது நேராவே போகாதே?"

"அதுதான் வேணும்" என்றேன். அப்பாவின் தொழிலில் பிள்ளைக்கு ஆர்வம் வருவது நல்ல அறிகுறி.

மார்கழி 6, ஞாயிறு

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கவில்லை.

சூலூர் தாண்டி ஒரு பழைய கோழிப் பண்ணை நிலத்தில்தான் எங்கள் ரிமோட் கார் கழகத்தின் டிராக். செம்மண், ஏழெட்டு மேடுகள், ஒரு முள்வேலி வளைவு. பயிற்சி ஓட்டம். வண்டி புறப்பட்டதுமே வேலியில் போய்ச் செருகிக்கொள்ளும் என்று எதிர்பார்த்து, எடுக்க வசதியாக வேலிப் பக்கத்திலேயே நின்றேன். அது வரவே இல்லை. கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. மூன்றாவது மேட்டில் ஏறி, பறந்து, நாலு சக்கரமும் ஒன்றாக மண்ணைத் தொட்டு, ஒரு குலுக்கல் கூட இல்லாமல் தொடர்ந்து ஓடிற்று. இரண்டாவது சுற்றில் மருதாசலத்தின் வண்டியைத் தாண்டியது. மூன்று வருஷத்தில் அவர் வண்டியின் பின்பக்கத்தை மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். முன்பக்கம் பச்சை என்று இன்றுதான் தெரிந்தது.

மருதாசலம் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் வந்தார். நல்ல உயரம், நல்ல நிறம், தலையில் மருந்துக்குக் கூட முடி கிடையாது. மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் வார்க்கிறவர்.

"அருமையா ஓட்டுறீங்க நாச்சிமுத்து. இப்புடியே ஓட்டோணும். விட்றாதீங்க" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

சுப்பையனுக்குப் போன் செய்து சொன்னேன். "அய்யய்யோ, அது சிரிப்பில்லீங்கண்ணா. அவரு கோவம் வந்தா அப்புடித்தான் பல்லக் காட்டுவாரு" என்றார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் நாலு ஸ்பிரிங்கும் மஞ்சளாகத் தெரிகிறது. செம்மண் புழுதி ஒட்டினால் வெள்ளையும் சிவப்பும் மஞ்சளாகத்தான் தெரியும் போலிருக்கிறது. கண் டாக்டரிடம் ஒரு முறை போக வேண்டும்.

மார்கழி 7, திங்கள்

மனது சரியில்லை. ஆனால் அந்த மூன்றாவது மேட்டில் இறங்கியது இருக்கிறதே.

மார்கழி 9, புதன்

விடிகாலையில் குளிக்கப் போனபோது வழி கிடைத்தது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழவில்லை. மார்கழிக் குளிரில் கல்லாக உறைந்திருந்தது. வெந்நீர்ப் பாத்திரத்தில் பாட்டிலை நிறுத்தி வைத்து, அது உருகும் வரை நின்றுகொண்டிருக்கும்போது பொறி தட்டியது. பந்தயம் காலையில். ஷாக் அப்சார்பருக்குள் இருக்கிற எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் இருந்தால்? உள்ளே பிஸ்டன் அசையாது. அசையாவிட்டால் தவளை.

கடைக்குப் போகாமல் உட்கார்ந்து நாலையும் பிரித்து, பழைய எண்ணெயை வடித்து, தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். வீடு முழுவதும் தலை வாரிய வாசனை.

"பக்கிக்கு எண்ணெய்க் குளியலா?" என்று கேட்டுவிட்டுப் போனாள் பூங்கொடி.

மார்கழி 13, ஞாயிறு

ஸ்வெட்டர் போடுகிற குளிர். வண்டியை ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் வைத்திருந்தேன், நன்றாக உறையட்டும் என்று. டிராக்கில் இறக்கினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலப் போகிறது. போன வாரத்தை விட நன்றாக. முள்வேலி வளைவில் எல்லா வண்டியும் வால் வீசும், என்னுடையது பிள்ளையார் கோயில் சுற்றுகிற மாதிரி சுற்றியது. மருதாசலத்தை அரைச் சுற்றுக்கு மேல் பின்னால் விட்டேன். விட்டேன் என்றால், நான் விடவில்லை, அது விட்டது.

கழகத்து ஆட்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். இந்த மூன்று வருஷத்தில் யாரும் என்னைச் சுற்றியதில்லை.

"அண்ணா, ஷாக்ல என்ன எண்ணெய் ஊத்துனீங்க? சிங்கப்பூர்ல இருந்து வரவெச்சீங்களா?"

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. தேங்காய் எண்ணெய் என்று சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. ஏன், எப்படி என்று கேட்டார்கள். பதில் தெரியாமல் நிற்பது கௌரவமாக இல்லை. "நம்ம ஊரு மண்ணுக்கு நம்ம ஊரு எண்ணெய்" என்று ஆரம்பித்து, தென்னை மரம் காற்றில் வளைந்து கொடுப்பதையும், அதே குணம் காயிலும், காயின் குணம் எண்ணெயிலும் இருப்பதையும் எடுத்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அதுதான் காரணம் என்று தோன்றிவிட்டது. இரண்டு பேர் போனில் பதிவு செய்துகொண்டார்கள்.

மார்கழி 14, திங்கள்

வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு டம்ளரில் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடப்பதாகப் பூங்கொடி எடுத்து வந்தாள். சாம்பல் நிறமாக, லேசாக இரும்பு வாசனையோடு. மார்கழி விளக்குக்கு யாராவது எடுத்து வைத்திருப்பார்கள். சிந்துவைக் கேட்டேன். "அப்படித்தானுங்க இருக்கும்" என்றாள். அவள் நகக் கண்ணில் கருப்பாக ஏதோ இருந்தது. கடையில் கார்பன் பேப்பரை மாற்றச் சொல்ல வேண்டும்.

மார்கழி 16, புதன்

நாள் முழுக்கப் போன். தேங்காய் எண்ணெய் செக்கில் ஆட்டியதா, பாக்கெட்டா என்று கேட்கிறார்கள். செக்கு என்றேன். திருப்பூரிலிருந்து கூட ஒருவர் பேசினார். மெத்தை விஷயமாக ஒருவரும் பேசவில்லை.

சிந்துவுக்கும் சென்னையிலிருந்து இரண்டு மூன்று முறை போன் வந்தது. கடைக்கு வெளியே போய் நின்று பேசினாள். இன்சூரன்ஸ்காரர்கள் தொல்லை தாங்கவில்லை.

சாயந்திரம் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு பேசோணுமுங்க."

"கல்யாண விசயமா? மார்கழி கண்ணு. பேசக் கூடாது."

"அதனாலதான் இப்பவே பேசோணும்னு."

"ரேசு முடியட்டும். அப்பாவுக்கு இப்ப மண்டைக்குள்ள வேற ஒண்ணும் ஏறாது."

எழுந்து போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால், ஷோரூமில் இருக்கிற நம்முடைய உயர்ந்த ரக மெத்தையின் மேல் கையை வைத்து அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். என் ரத்தம்.

மார்கழி 20, ஞாயிறு

தகுதிச் சுற்று. நடந்ததை அப்படியே எழுதுகிறேன், நம்புவதும் நம்பாததும் பேரக் குழந்தைகளின் விருப்பம்.

கழகத்தின் எல்லா வண்டியிலும் தேங்காய் எண்ணெய். டிராக் பக்கம் போனதுமே பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிற வாசனை. பனி விலகவில்லை. கொடி அசைத்ததும் அத்தனை வண்டியும் ஒன்றாகக் குதிக்க ஆரம்பித்தன. ஓடவில்லை, குதித்தன. முதல் மேட்டில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. ஒரு வண்டி குதித்துக் குதித்தே வேலியைத் தாண்டிப் பக்கத்துச் சோளக் காட்டுக்குள் போய்விட்டது. மைக்கில் பேசுகிறவர் பேச்சை நிறுத்திவிட்டார். அந்தக் குதியாட்டத்துக்கு நடுவே இரண்டு வண்டிகள் மட்டும் ஓடின. ஒன்று என்னுடையது. இன்னொன்று மருதாசலத்துடையது.

"நீங்க தேங்காய் எண்ணெய் ஊத்தலீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

அவர் தன் மொட்டைத் தலையைத் தடவினார். "அது எங்கூட்டுல வாங்கி வருசம் பல ஆச்சுங்க."

விதிப்படி சுற்றுகளை முடித்தவர்களுக்குத்தான் இறுதிப் போட்டி. முடித்தது இரண்டு பேர். அடுத்த ஞாயிறு நானும் அவரும் மட்டும்.

கூட்டத்தில் சுப்பையன் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது. எனக்காகத்தான் இந்த மனிதர் இவ்வளவு கவலைப்படுகிறார் என்று நெஞ்சு நெகிழ்ந்தது. என் வண்டி மட்டும் ஏன் உறையவில்லை என்று கழகத்து ஆட்கள் சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டார்கள். "கை ராசி" என்று சொல்லி நழுவினேன்.

மார்கழி 22, செவ்வாய்

கடைசி ஆயுதம். ஸ்பிரிங்கே வேண்டாம் என்று நாலையும் எறிந்துவிட்டு, அந்த இடத்தில் கடையிலிருந்து கொண்டு வந்த ஃபோமை வெட்டித் திணித்தேன். ஃபோம் மேல் எந்த வண்டியும் ஓடியதாகச் சரித்திரம் இல்லை.

சிந்து எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "தோக்கோணும்னு இவ்வளவு பாடுபடறீங்களே அப்பா" என்றாள்.

"எல்லாம் உனக்காகத்தான் கண்ணு."

"எனக்கு என்ன வேணும்னு உங்களுக்குத் தெரியுங்களா?"

"தெரியாம என்ன? ஒப்பணக்கார வீதியில பாத்தமே, அந்த மயில் கழுத்து கலர் பட்டு."

என்னையே பார்த்தாள். சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். ஃபோம் தூசி கண்ணுக்கு ஆகாது. இனிமேல் வீட்டுக்குள் வெட்டக் கூடாது.

மார்கழி 24, வியாழன்

பட்டுப் புடவை வாங்கியாயிற்று. சிந்து மடித்தபடியே பீரோவில் வைத்துவிட்டாள்.

மார்கழி 27, ஞாயிறு

இதை எழுத உட்கார்ந்து வெகு நேரமாகிறது.

காலையில் டிராக்கில் வண்டியை இறக்கி, வழக்கம் போல உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினேன். நம்முடைய உயர்ந்த ரக மெத்தை மாதிரி இறங்கி ஏறியது. குனிந்து பார்த்தால் ஃபோம் இல்லை. புது ஸ்பிரிங், முன்னால் ஒரு நிறம், பின்னால் ஒரு நிறம். மருதமலை முருகா என்று வாய்விட்டே சொன்னேன். நான் என்ன செய்தாலும் இந்த வண்டி ஜெயிப்பேன் என்று நிற்கிறது. இனி கையால்தான் தோற்க வேண்டும்.

ஓட்டுகிறவர்களுக்குச் சாரம் கட்டிய மேடை. நானும் மருதாசலமும் ரிமோட்டோடு பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். கீழே பூங்கொடி, சிந்து, கழகத்து ஆட்கள், சுப்பையன். கொடி அசைந்தது. நான் மெதுவாகப் புறப்பட்டேன். அவர் அதைவிட மெதுவாகப் புறப்பட்டார். நான் வேகத்தைக் குறைத்தேன். அவரும் குறைத்தார். பக்கத்தில் ஒரு நாய் நடந்து எங்கள் இரண்டு வண்டியையும் தாண்டிப் போயிற்று.

முள்வேலி வளைவில் அவர் வண்டி தானாகப் போய் வேலியில் செருகிக்கொண்டது. நான் நிறுத்திக் காத்திருந்தேன். கழகத்து ஆள் ஒருவர் ஓடிப் போய் அதை எடுத்து நேராக்கி விட்டார். அது என் வண்டிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது. இப்படியே கடைசிச் சுற்று. முடிவுக் கோட்டுக்கு ஒரு முழம் முன்னால் இரண்டு வண்டியும் நின்றன.

"முன்னால போங்க" என்றேன்.

"அதெப்புடீங்க. நீங்க போங்க."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மொதல்ல போறதுதானுங்க மொறை."

"பொண்ணு குடுக்குறவங்களுக்குத்தானுங்க மருவாதி."

மரியாதைக்காக நான் வண்டியை ஒரு முழம் பின்னால் எடுத்தேன். அவர் இரண்டு முழம் எடுத்தார். நான் மூன்று. அவர் கடைசி மேட்டின் அடிவாரம் வரை போனார். விட்டுவிடுவேனா? நானும் பின்பக்கமாகவே மேட்டில் ஏறினேன். முடிவுக் கோட்டிலிருந்து எதிர்த்திசையில் இரண்டு வண்டியும் இப்போது நிஜமாகவே பந்தயம் போட்டன. அன்றைக்கு நாங்கள் வேகமாக ஓட்டியது அந்த நேரத்தில்தான்.

மைக்கில், "என்ன நடக்குதுன்னு தெரியலீங்க, எல்லாரும் அமைதியா இருங்க" என்றார்கள்.

அப்போது சிந்து மேடை ஏறி வந்தாள். "குடுங்கப்பா" என்று என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினாள். பிடுங்கினாள் என்றுதான் எழுத வேண்டும்.

வண்டி நின்றது, முன்னோக்கிப் புறப்பட்டது. அது ஓடியதை நான் எப்படி எழுத? மேடு என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியவில்லை. சக்கரங்கள் மட்டும் மேலும் கீழும் போய் வந்தன, மேலே உடம்பு அசையவில்லை. வளைவில் ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர்ந்து, கோட்டைத் தாண்டி நின்றது. சிந்துவின் கட்டை விரல் ரிமோட்டில் எவ்வளவு கொஞ்சமாக அசைந்தது என்பதை மட்டும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஒரு கை தட்டல் இல்லை. முடிந்தது சம்பந்தம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். யாரோ என்னைக் கட்டிப் பிடித்தார்கள். மருதாசலம். கண்ணெல்லாம் தண்ணீர்.

"தோத்துட்டேனுங்க சம்பந்தி. ஒரு வழியாத் தோத்துட்டேன். தையில உப்புச் சர்க்கரை மாத்திக்கலாமுங்க."

"நீங்க தோத்தா சம்பந்தம் முறிஞ்சு போகும்னு சுப்பையன் சொன்னாரே?"

"உங்களைத் தோக்கடிச்சா நீங்க பொண்ணு குடுக்க மாட்டீங்கன்னு எங்கிட்டச் சொன்னாருங்களே? ஏற்கனவே மூணு எடம் எம் பையனுக்குத் தட்டிப் போச்சு, இதுலயாச்சும் நீங்க விட்டுக் குடுத்துப் போங்கன்னாரு."

இரண்டு பேரும் கீழே பார்த்தோம். சுப்பையன் நின்ற இடத்தில் ஒரு செருப்பு மட்டும் கிடந்தது.

மருதாசலம் சிரித்தார். நானும் சிரித்தேன். சிந்து மட்டும் சிரிக்கவில்லை. பிறகு ரிமோட்டை என் கையில் வைத்தாள்.

"மாமா" என்று அவரைக் கூப்பிட்டாள். "அப்பா ஜெயிச்சா நீங்களே வேண்டாம்னு சொல்லீருவீங்கன்னு நெனச்சேனுங்க. ராத்திரி ராத்திரி வண்டியச் செட் பண்ணுனது நான்தான். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க. உங்க பையன் மேல ஒரு கொறையும் இல்லீங்க. என்னை யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

மைக் அந்த மேடையிலேயே அணைக்காமல் இருந்தது என்பதை அவள் கவனிக்கவில்லை. கோழிப் பண்ணை முழுக்கக் கேட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையை எழுதிவிடுகிறேன், கல்யாணம் நின்றதால் வந்த வெட்கம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது, அந்த மூன்றாவது மேடு என்னுடையது இல்லை என்பதால் வந்த வெட்கம். அதற்காக இப்போது இன்னும் வெட்கப்படுகிறேன்.

மார்கழி 28, திங்கள்

நானும் சிந்துவும் கடைக்குப் போகவில்லை. வண்டியை நடுவில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். பூங்கொடி காப்பி கொண்டு வந்து வைத்தாள்.

"மொதல்லயே எங்கிட்டச் சொல்றதுக்கென்ன கண்ணு?"

"சொல்ல வந்தேனுங்க. ரேசு முடியட்டும்னீங்க."

ஆமாம், சொன்னேன். இந்த நோட்டிலேயே எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அதை எழுதியபோது கூட எனக்கு உறைக்கவில்லை.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?"

"காலேஜ்லதானுங்கப்பா. கடைசி வருசம் என் புராஜெக்டே சஸ்பென்ஷன்தான். பார்க்க வந்தீங்களே."

போயிருந்தேன். காலேஜ் ஹாஸ்டலுக்கு மெத்தை ஆர்டர் கிடைக்குமா என்று வார்டனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததில், அவள் எதற்குப் பக்கத்தில் நின்றிருந்தாள் என்று பார்க்கவில்லை. நாலு வருஷம் ஃபீஸ் கட்டியிருக்கிறேன், என்ன படிக்கிறாய் என்று ஒரு நாள் கேட்டதில்லை.

சென்னை போன் இன்சூரன்ஸ் இல்லை. கார் கம்பெனி ஒன்றில், சோதனை டிராக்கில் வேலை. மேடு பள்ளத்தில் வண்டியை விட்டு ஸ்பிரிங்கும் ஷாக்கும் சரி பார்க்கிற வேலை. இன்டர்வியூ முடித்துவிட்டார்கள், தை கடைசியில் வந்து சேரச் சொல்கிறார்கள்.

"போறியா?" என்று கேட்டேன்.

"போறேனுங்க."

"அப்பப் போ" என்றேன். பூங்கொடி, "மொதல்லயே கேட்டிருந்தா ரெண்டு வார்த்தையில முடிஞ்சுருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயந்திரம் மருதாசலம் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் தயங்கித் தயங்கிப் பேசினார்.

"பொண்ணு நேத்து ஒரு வேகத்துல சொல்லிருக்கும். இன்னைக்கும் அதே முடிவுங்களா? ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

நானாகவே ஒரு பதில் சொல்ல வாயெடுத்தேன். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு சிந்துவைக் கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

"வேண்டாங்கிறாங்க" என்றேன்.

"சரிங்க. நாம ஒண்ணும் தப்பா எடுத்துக்க வேண்டாமுங்க." நான் போனை வைக்கப் போனேன், அவர் விடவில்லை. "ஏனுங்க நாச்சிமுத்து, இன்னொண்ணு. அந்தப் பின்பக்க ஷாக்குல பொண்ணு என்ன எண்ணெய், என்ன ஸ்பிரிங்கு போட்டுச்சுங்க? அதையாச்சும் சொல்லலாமுங்களா?"

எனக்கு அது தெரியும். காலையில்தான் அவள் சொல்லிக் கொடுத்தாள். ஆனாலும் போனைப் பொத்திக்கொண்டு, சொல்லட்டுமா என்று சிந்துவைக் கேட்டேன்.

வண்டியைப் பிரித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்து யோசித்தாள். வேண்டாம் என்றாள்.

"அதுக்கும் வேண்டாங்கிறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.